பாரசீக மெய்ஞ்ஞானக் குறியீடுகளும் தமிழகமும்: ஒரு மஸ்னவி உரையும் ஒரு மஸ்தானின் பாடல்களும்

செவ்வியல் பாரசீக மெய்ஞ்ஞானக் கவிதை சில உருவங்களைத் திரும்பத் திரும்பக் கையாளும் இயல்புடையது. மது, மதுக்கடை, காதலியின் கூந்தல், விளக்கும் விட்டிலும், நாணற்குழல், கூண்டுப் பறவை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இறைவனுக்கும் மனித உயிருக்கும் உள்ள உறவைச் சொல்ல சூபிக் கவிஞர்கள் இவற்றைக் குறியீடுகளாக ஆண்டனர். கி.பி. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஈரான், நடு ஆசியா, வட இந்தியா ஆகிய நிலங்களில் இம்மரபு செழித்தது.

இக்குறியீட்டு மரபு தமிழகத்துக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையான சில பத்தாண்டுகளுக்குள் சென்னையில் அது இரண்டு வடிவங்களில் வெளிப்பட்டது. ஒன்று, திருவல்லிக்கேணிப் பகுதியில் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம், ரூமியின் மஸ்னவிக்குப் பாரசீகத்தில் எழுதிய உரை. மற்றொன்று, வடசென்னைக் கடற்கரையில் துறவியாக வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு தமிழில் பாடிய பாடல்கள். முன்னது கற்றோர் சிலருக்கு மட்டுமே எட்டியது. பின்னது இன்றும் பாடப்படுகிறது. ஒரே மரபின் இரு வடிவங்கள் ஏன் இப்படி வேறுபட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியீடு ஏன் தேவைப்பட்டது

சூபிகள் தாம் உணர்ந்ததாகக் கூறும் இறையனுபவம் வழக்குச் சொற்களுக்குள் அடங்குவதன்று. காணாத ஒன்றைக் கண்ட ஒன்றால்தான் சொல்ல முடியும். ஆகவே அன்றாட வாழ்வில் மிகத் தீவிரமான அனுபவங்களாகிய காதலையும் போதையையும் மரணத்தையும் அவர்கள் உவமையாக எடுத்துக்கொண்டனர்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. பாக்தாதில் மன்சூர் அல்-ஹல்லாஜ் 922ஆம் ஆண்டு கொலைத் தண்டனைக்கு உள்ளானார். அதில் அரசியல் காரணங்களும் கலந்திருந்தன. எனினும், "நானே மெய்ப்பொருள்" என்று பொருள்படும் கூற்றோடு அவர் பெயர் இணைந்துவிட்டது. உள்ளத்தில் உணர்ந்ததை வெளிப்படையாகச் சொல்வதன் விலைக்கு அவர் பின்வந்த கவிஞர்களின் நினைவில் சான்றாக நின்றார். குறியீடு சொல்லவும் செய்யும், மறைக்கவும் செய்யும். தகுதி உடையவர் புரிந்துகொள்வார், பிறருக்கு அது வெறும் காதற்பாட்டாக ஒலிக்கும்.

மூன்றாவது காரணம் கவிதை மரபே. அரசவைகளில் வளர்ந்த பாரசீக மதுப்பாடலும் காதற்பாடலும் சூபிகளுக்கு முன்பே முழு வளர்ச்சி பெற்றிருந்தன. சூபிக் கவிஞர்கள் புதிய சொற்களைத் தேடவில்லை. இருந்த சொற்களுக்குள் வேறொரு பொருளை ஏற்றினர். தமிழில் சங்க அகத்திணையின் தலைவனையும் தலைவியையும் பக்தி இயக்கத்தார் எடுத்துக்கொண்டு இறைவனைப் பாடியதும் இதே முறைதான்.

முதன்மையான குறியீடுகள்

மதுவும் மதுக்கடையும்: மது என்பது தன்னை மறக்கச் செய்யும் இறைக்காதல். மதுவை ஊற்றித் தருபவர் குரு, அல்லது இறைவனே. மதுக்கடை என்பது வெளிவேடம் கழன்று விழும் இடம். இஸ்லாம் மதுவை விலக்கியிருப்பதே இக்குறியீட்டுக்குக் கூர்மை தருகிறது. விலக்கப்பட்ட பொருளைப் புகழ்வதன் மூலம் கவிஞர் தம் பக்தியைத் தாமே மெச்சிக்கொள்ளும் போலித் துறவியைக் கண்டிக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் சீராசு நகரில் வாழ்ந்த ஹாஃபிஸின் கவிதைகளில் இது உச்சம் பெறுகிறது. அவர் பாடிய மது உண்மை மதுவா, இறைக்காதலா என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை. இரண்டுக்கும் இடம் தரும்படி எழுதியதே அவருடைய ஆற்றல்.

காதலி: பாரசீக மொழியில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இலக்கணத்தில் இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே அன்புக்குரியவர் ஆணா, பெண்ணா, அரசரா, குருவா, இறைவனா என்பதைச் சொல்லாமலே ஒரு கவிதையை முடித்துவிடலாம். காதலியின் முகம் இறைவனின் வெளிப்பட்ட ஒளி, கருங்கூந்தல் அந்த ஒளியை மறைக்கும் உலகத் தோற்றங்கள் என்பது உரையாசிரியர்களின் பொது விளக்கம். காதலன் எப்போதும் அலைபவன், அழுபவன். நிஜாமி 12ஆம் நூற்றாண்டில் பாடிய லைலா மஜ்னூன் கதையில் மஜ்னூன் என்ற பெயருக்கே பித்துப் பிடித்தவன் என்று பொருள்.

விளக்கும் விட்டிலும்: விட்டில் சுடரைச் சுற்றுகிறது, நெருங்குகிறது, இறுதியில் எரிந்து சுடராகவே ஆகிறது. 'ஃபனா' எனப்படும் தன்னழிவுக்கு இதுவே நிலையான படிமம். ஹல்லாஜ், அஹ்மத் கஸ்ஸாலி, அத்தார் எனப் பலர் இதைக் கையாண்டனர்.

நாணற்குழல்: ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) மஸ்னவி ஆறு பகுதிகளும் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஈரடிகளும் கொண்ட பெருநூல். நாணற் புதரிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட குழலின் புலம்பலோடு அது தொடங்குகிறது. மூலத்தைப் பிரிந்த உயிரே குழல். உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் அது இசைக்கிறது.

பறவைகள்: ஃபரீதுத்தீன் அத்தாரின் பறவைகள் மாநாடு என்னும் காவியத்தில் பறவைகள் தம் அரசனான சீமுர்கைத் தேடிச் செல்கின்றன. தேடல், காதல், மெய்யறிவு, பற்றின்மை, ஒருமை, திகைப்பு, வறுமையும் தன்னழிவும் என ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கின்றன. இறுதியில் எஞ்சுபவை முப்பது பறவைகள் மட்டுமே. பாரசீகத்தில் 'சீ முர்க்' என்றால் முப்பது பறவைகள் என்று பொருள். தேடியவர்களே தேடப்பட்ட பொருள் என்பதை ஒரு சொற்சிலேடையில் முடித்துவிடுகிறார் அத்தார்.

இருட்டறை யானை: யானையைத் தடவிப் பார்த்த குருடர்களின் கதை தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது. பாரசீகத்தில் சனாயீ இதைக் குருடர் கதையாகவே சொன்னார். ரூமி ஒரு சிறு மாற்றம் செய்தார். அவர் கதையில் பார்க்க வந்தவர்கள் கண்ணுள்ளவர்கள். யானை நின்ற வீடுதான் இருட்டு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு இருந்திருந்தால் அவர்கள் கூற்றுகளில் வேற்றுமை இருந்திராது என்று அவர் முடிக்கிறார். குறை கண்ணில் இல்லை, ஒளி இல்லாமையில் இருக்கிறது என்னும்போது கதையின் பொருளே மாறிவிடுகிறது.

ஒரே உருவம், எதிரெதிர்ப் பொருள்

குறியீட்டை அகராதிபோல் படிக்கக் கூடாது என்பதற்கு விட்டிலே நல்ல சான்று. இந்திய அறநூல் மரபில் ஐம்புலன்களுக்கு ஐந்து உயிர்கள் எடுத்துக்காட்டுகளாக வரும். ஊற்றின்பத்தால் யானையும், சுவையால் மீனும், மணத்தால் வண்டும், ஓசையால் அசுணமும், ஒளியால் விட்டிலும் அழிகின்றன என்பர். இங்கே விட்டில் அறிவிலியின் உருவம். அதுபோல் ஆகாதே என்பது எச்சரிக்கை. பாரசீகத்தில் அதே விட்டில் நிறைவு பெற்ற காதலன். அதுபோல் ஆகு என்பது அழைப்பு.

நெருப்பும் ஒன்று, பூச்சியும் ஒன்று. புலனின்பத்தை நோக்கிப் பாய்ந்தால் அழிவு, மெய்ப்பொருளை நோக்கிப் பாய்ந்தால் வீடு என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் ஒரு மரபின் பொருளை அறியாமல் இன்னொரு மரபின் பாடலைப் படிப்பவர் வாழ்த்தை வசையாகவும் எச்சரிக்கையைப் புகழாகவும் எடுத்துக்கொள்ளக் கூடும்.

இச்சிக்கலைப் பாரசீகர்களே உணர்ந்திருந்தனர். மஹ்மூத் சபிஸ்தரி 1317இல் இயற்றிய 'குல்ஷனே ராஸ்' (மறைபொருளின் மலர்த்தோட்டம்) சுமார் ஆயிரம் ஈரடிகள் கொண்டது. குராசானிலிருந்து அமீர் ஹுசைனி என்னும் சூபி அனுப்பிய வினாக்களுக்கு விடையாக அது எழுந்தது. கண், இதழ், கூந்தல், மச்சம் ஆகியவற்றால் கவிஞர்கள் எதைக் குறிக்கின்றனர், மதுவும் விளக்கும் எவை, சிலையும் பூணும் கயிறும் ஏன் வருகின்றன என்பன அவ்வினாக்களுள் சில. சபிஸ்தரியின் விடை ஆழமானது. புலன் உலகம் மெய்யுலகின் நிழல். ஆகவே இச்சொற்கள் முதலில் மெய்யுலகுக்கே உரியவை, அங்கிருந்துதான் புலன் பொருள்களுக்கு வந்தன என்கிறார். அவர் நோக்கில் பூமியில் உள்ள மதுவே உவமை, விண்ணில் உள்ளதே மது. கூடவே ஓர் எச்சரிக்கையும் தருகிறார். அனுபவம் இல்லாதவர் அனுபவம் பெற்றவரின் சொற்களை வெறுமனே பின்பற்றிப் பேசலாகாது என்பது அது.

தமிழகத்தில் பாரசீகம்

தமிழ் முஸ்லிம்களின் சமய மொழி முதன்மையாக அரபும் தமிழும் ஆகும். கடல் வணிகத்தின் வழியே அரபு நிலத்தோடு அவர்களுக்கு நேரடித் தொடர்பு இருந்தது. ஆயினும் பாரசீகச் சொற்கள் அவர்கள் வழக்கில் ஆழ வேரூன்றியுள்ளன. தொழுகைக்கான அழைப்பைக் குறிக்கும் 'பாங்கு' பாரசீகச் சொல். குரல், ஒலி என்பது அதன் பொருள். 'தர்கா' என்பது வாயிற்படி, அரசவை. 'பீர்' என்பது முதியவர், அதாவது குரு. முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானிக்கு வழங்கும் 'தஸ்தகீர்' என்னும் பெயர், கைபிடித்துக் கரையேற்றுபவர் எனப் பொருள்படும். 'மஸ்தான்' என்பது 'மஸ்த்', அதாவது போதையுற்றவர் என்ற சொல்லிலிருந்து வந்தது. இறைக்காதலில் தன்னை மறந்து திரியும் துறவிக்கு அது பெயராயிற்று. தமிழர் ஒருவர் தம் மகனுக்கு மஸ்தான் என்று பெயரிடும்போது பாரசீக மதுக்குறியீடு முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து அமர்கிறது. அதே வேர்ச்சொல்தான் வட இந்தியரின் அன்றாடப் பேச்சில் 'மஸ்த்' என்று உற்சாகத்தைக் குறித்து நிற்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநிலத்தவர் வாயில் இன்றும் இதைக் கேட்கலாம்.

சமயத்துக்கு அப்பால் ஆட்சி மொழியாகவும் பாரசீகம் விளங்கியது. ஆர்க்காட்டு நவாபுகளின் அலுவல் மொழி அதுவே. நவாப் முகம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த பொன்னேரி உள்ளிட்ட பகுதிகள் அடங்கியிருந்தன. 'ஜாகீர்' என்பதும் பாரசீகமே. வட்டாட்சியரைக் குறிக்கும் 'தாசில்தார்', 'ஜமீன்தார்' ஆகியவற்றின் இறுதியில் நிற்கும் 'தார்' (கொண்டிருப்பவர்) என்பதும் பாரசீகமே. நிலவரிச் சொற்களாக ஊர்தோறும் பாரசீகம் புகுந்த அதே காலத்தில்தான் நவாபின் தலைநகரில் அதன் மெய்ஞ்ஞான நூல்கள் கற்பிக்கப்பட்டன.

திருவல்லிக்கேணியில் ஒரு மஸ்னவி உரை

வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக் குடியேறினார். அதன்பின் வடநாட்டு அறிஞர் பலர் சென்னை வந்தனர். அவர்களுள் தலையாயவர் மௌலானா அப்துல் அலீ (1731–1810). கல்விக் கடல் எனப் பொருள்படும் 'பஹ்ருல் உலூம்' என்ற பட்டப்பெயராலேயே அவர் அறியப்படுகிறார். லக்னோவின் புகழ்பெற்ற பிரங்கி மஹல் அறிஞர் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய மதரசாக்களில் நெடுங்காலம் வழங்கிய 'தர்ஸே நிஜாமி' பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகன். ஷாஜகான்பூர், ராம்பூர், வங்காளத்துப் புஹார் ஆகிய ஊர்களில் பாடம் சொல்லிவிட்டு, நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்தார். 1810இல் இங்கேயே மறைந்தார். 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

தர்க்கத்திலும் சட்டவியலிலும் பெரும்புலமை பெற்றிருந்த இவர், ரூமியின் மஸ்னவிக்குப் பாரசீகத்தில் விரிவான உரை எழுதினார். அது பின்னர் வட இந்தியாவில் அச்சேறி, மஸ்னவியின் மதிப்புமிக்க உரைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. ரூமியின் கதைகளையும் உருவங்களையும் இப்னு அரபியின் (1165–1240) உள்ளமை ஒருமைக் கோட்பாட்டின் வழியே விளக்குவது இவ்வுரையின் தனித்தன்மை. உள்ளது ஒன்றே, பல எனத் தோன்றுபவை அதன் வெளிப்பாடுகள் என்பது அக்கோட்பாட்டின் சாரம். குழலின் புலம்பலை இந்நோக்கில் படித்தால் பிரிவு என்பதே இறுதி உண்மையாகாது. பிரிந்ததாக உணர்வதுதான் துன்பம்.

இவ்வுரை குறியீட்டைக் கருத்தாக மாற்றுகிறது. அது பெரும்பணி. ஆனால் அதைப் படிக்கப் பாரசீகமும், அரபும், இப்னு அரபியின் கலைச்சொற்களும் வேண்டும். ஆகவே அது அறிஞர் வட்டத்துக்குள்ளேயே நின்றது. வேலூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த பாகிர் ஆகா பாரசீகத்திலும் அரபிலும் வல்லவராயிருந்தும், பொதுமக்களுக்கெனத் தக்கினி உருதுவில் நூல்கள் இயற்றியது இந்த இடைவெளியை உணர்ந்ததால்தான். நவாபின் ஆட்சியுரிமை 1801இல் கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனி ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழி என்ற தகுதியை 1837இல் இழந்தது. கடைசி நவாபான குலாம் முகம்மது கௌஸ் கான் தாமே பாரசீகக் கவிஞர். அவர் 1855இல் மறைந்ததோடு நவாப் பட்டமும் முடிவுக்கு வந்தது. புரவலரை இழந்த பாரசீகக் கல்வி சென்னையில் சுருங்கியது.

குணங்குடி மஸ்தான் சாகிபு

பஹ்ருல் உலூம் மறைந்தபோது தென்கோடியில் ஓர் இளைஞர் கல்வி கற்றுக்கொண்டிருந்தார். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர்தான் அவர். பிறந்த ஆண்டு 1792 எனப் பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. கீழக்கரையில் சமயக் கல்வி பெற்றார். மாமன் மகளோடு பேசப்பட்ட திருமணத்தை மறுத்துத் துறவு பூண்டார். காதிரிய்யா மரபில் தீட்சை பெற்று, பல இடங்களில் அலைந்து, இறுதியில் வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிக்கு வந்து தங்கினார். 1838இல் மறைந்தார். அவருடைய தர்கா அப்பகுதியிலேயே உள்ளது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில்கள் இப்பகுதியைக் கடந்தே வடக்கே போகின்றன.

தொண்டியிலிருந்து வந்த இவரைத் தொண்டியார் என மக்கள் அழைத்ததால்தான் தொண்டியார்பேட்டை எனப் பெயர் வந்து, அது தண்டையார்பேட்டை ஆயிற்று என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. ஆனால் கம்பெனி 1693இல் பெற்ற ஊர்களுள் எழும்பூர், புரசைவாக்கத்தோடு இவ்வூரும் குறிக்கப்படுகிறது. அதாவது குணங்குடியார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஊர்ப்பெயர் இருந்தது. எனவே இதை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஓர் ஊர் தன் பெயரையே ஒரு துறவியிடமிருந்து பெற்றதாக நம்ப விரும்பியது என்பதும் வரலாற்றுச் செய்திதான்.

இவருக்கு முன்பும் தமிழில் சூபிப் பாடல்கள் இருந்தன. தக்கலை பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி அவற்றுள் புகழ்பெற்றது. குணங்குடியாரின் தனிச்சிறப்பு, அவர் தேர்ந்த வடிவங்களில் உள்ளது. பராபரக்கண்ணி, எக்காலக்கண்ணி, ரகுமான் கண்ணி, நிராமயக்கண்ணி எனக் கண்ணிகளாகவே மிகுதியும் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் பராபரக்கண்ணியால் மக்கள் நாவில் நிலைநிறுத்திய வடிவம் அது. இரண்டே அடிகளில் ஓர் எண்ணம் முடியும், அடுத்த கண்ணி புதிதாகத் தொடங்கும். பாரசீக கஜலும் ஈரடிகளால் ஆனதே. ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கும். குணங்குடியார் கஜலைத் தமிழுக்குக் கொண்டுவர முயலவில்லை. அதே பணியைச் செய்யக்கூடிய தமிழ் வடிவம் கையருகில் இருந்தது.

குறியீடுகளிலும் இதே முறைதான். சாக்கியும் மதுக்கடையும் தமிழ்க் கேட்போருக்கு எதையும் உணர்த்தா. தமிழ்ச் சித்தர் பாடல்கள் பேசும் உள்ளமுதமும், பக்தி இலக்கியம் பேசும் பித்தும் உணர்த்தும். இறைவனையே பித்தன் என்று அழைத்த சுந்தரர் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, ஒரு மஸ்தான் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

மனோன்மணி

குணங்குடியாரின் மனோன்மணிக்கண்ணியே இவ்வாய்வில் முக்கியமானது. மனோன்மணி என்பது சைவ, சாக்த மரபில் சக்தியின் பெயர். யோக நூல்களில் மனம் கடந்த நிலையின் பெயரும் அதுவே. குணங்குடியார் மனோன்மணியைக் காதலியாகவும் தம்மைப் பிரிவால் வாடும் காதலனாகவும் வைத்துப் பாடினார்.

தமிழ் பக்தி மரபில் பழகியவருக்கு இது தலைகீழான அமைப்பு. ஆண்டாள் பெண்ணாக இருந்து பாடினார். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடினர். இறைவன் ஆண், உயிர் பெண் என்பதே அங்குப் பொது விதி. குணங்குடியாரிடத்தில் உயிர் ஆண், இறை பெண். லைலாவைத் தேடும் மஜ்னூனின் நிலை இது. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வாளர்கள் இங்கே பாரசீக சூபி மரபின் தடத்தைக் காண்பது இதனால்தான்.

மாற்றத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காதலன், காதலி என்ற உறவின் அமைப்பு பாரசீகக் கவிதையோடு ஒத்துப்போகிறது. அதில் நிற்கும் பெயர் தமிழ்நாட்டு யோக மரபினுடையது. லைலா என்று பாடியிருந்தால் அது ஒரு கதைக்குறிப்பாக நின்றிருக்கும். மனோன்மணி என்றதால் தமிழ்க் கேட்போரின் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த பொருள்கள் அனைத்தும் விழித்துக்கொண்டன. பஹ்ருல் உலூம் குறியீட்டை விளக்கினார். குணங்குடியார் அதற்கு இணையான குறியீட்டைத் தம் மண்ணிலேயே கண்டெடுத்தார்.

எது கடன், எது பொது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒப்புமை கண்ட இடமெல்லாம் கடன் என்று முடிவு கட்டலாகாது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாருக்குச் சைவர் கூறும் உட்பொருளில் தலைவன் உயிர், தலைவி சிவம். அதாவது இறையைப் பெண்ணாக வைத்துக் காணும் முறை தமிழிலும் உண்டு. பின்னாளில் பாரதியார் கண்ணனைக் கண்ணம்மா என்ற காதலியாக்கிப் பாடினார். ஆகவே மனோன்மணிக்கண்ணிக்குப் பாரசீகம் மட்டுமே ஊற்று என்பது மிகை, பாரசீகத்துக்கு அதில் பங்கே இல்லை என்பதும் மிகை. காதிரிய்யா மரபில் வந்த ஒருவர், மஸ்தான் என்ற பெயரோடு, தாயுமானவரின் கண்ணி வடிவில், சாக்தப் பெயர் ஒன்றைச் சொல்லிப் பாடுகிறார். இந்த நான்கில் எதை நீக்கினாலும் அவர் குணங்குடியார் ஆக மாட்டார்.

இப்பாடல்கள் கேள்விக்கும் உள்ளாயின. அகத்தீசரையும் மனோன்மணியையும் பாடுவது இஸ்லாமிய ஓரிறைக் கொள்கைக்கு ஏற்றதா என்ற வினா இயல்பானது. ரூமியையும் ஹாஃபிஸையும் நோக்கிப் பாரசீகத்தில் எழுந்த வினாவும் இதுவே. குறியீட்டைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் ஹாஃபிஸ் குடிகாரர், குணங்குடியார் சமயம் மாறியவர். குறியீட்டை முற்றிலும் கருத்தாகக் கரைத்துவிட்டால் மதுவின் வாசமும் பிரிவின் வலியும் போய்விடும். பாடல் வாழ்வது இவ்விரண்டுக்கும் நடுவில்.

திருத்தணிகையிலிருந்து ஒரு நான்மணிமாலை

குணங்குடியாரின் குறியீடுகள் அவர் காலத்திலேயே எவ்வளவு தூரம் சென்றன என்பதற்கு ஒரு சான்று உண்டு. அக்காலச் சென்னையின் பெரும்புலவர்களுள் ஒருவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி முருகன் திருப்பதியைத் தம் பெயரில் தாங்கிய சைவப் புலவர் அவர். திருக்குறள் உள்ளிட்ட தமிழ் நூல்களை அச்சேற்றிய தொடக்ககாலப் பதிப்பாசிரியருமாவார். ஐயாசாமி முதலியாரும் குணங்குடியார்மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடினார்.

நான்மணிமாலை என்பது வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் ஆகிய நால்வகைப் பாக்கள் மாறி மாறி வர அந்தாதியாகத் தொடுக்கப்படும் சிற்றிலக்கியம். தெய்வங்களுக்கும் சமயக் குரவர்களுக்கும் சூட்டப்படுவது. அதை ஒரு சைவப் புலவர் ஒரு முஸ்லிம் துறவிக்குச் சூட்டினார் என்றால், பாடல்களின் உட்பொருளை அவர் தம்முடையதாகவே உணர்ந்தார் என்பது தெளிவு. பாரசீக உரையை அவர் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. மனோன்மணி அவருக்கு அயலானவள் அல்லள்.

முடிவுரை

பாரசீக மெய்ஞ்ஞானக் குறியீடுகள் தமிழகத்தில் உரையாகவும் வந்தன, பாடலாகவும் வந்தன. உரை மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் அதைத் தாங்கிய அரசவை சாய்ந்தபோது அதன் வாசகர்களும் குறைந்தனர். பாடல் மூலத்தின் உருவங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அவை செய்த பணியை மட்டும் எடுத்துக்கொண்டது. அரசவை எதையும் அது சார்ந்திருக்கவில்லை, ஆகவே நிலைத்தது.

இப்பாடல்களைப் படிக்கும் மாணவர்கள் மூன்று வினாக்களை மனத்தில் கொள்வது நல்லது. இவ்வுருவம் இப்பாடல் பிறந்த மரபில் என்ன பொருள் தந்தது? அதே உருவம் என் மரபில் வேறு பொருள் தருகிறதா? பொருளைக் கண்டபின்னும் உருவத்தின் சுவை எஞ்சியிருக்கிறதா? ரூமியின் இருட்டறையில் யானையைத் தடவியவர்களுக்குக் கண் இருந்தது. கையில் விளக்குத்தான் இல்லை. இவ்வினாக்கள் வாசகருக்கு அந்த விளக்காக அமையும்.